குப்ளாய் கானின் கஸ்தூரி

செர்ஜ் லூதென்ஸின் ‘மஸ்க் குப்ளாய் கான்’ 1998-இல் வெளிவந்தது. அன்று முதல் இந்த சென்டைப் பற்றிய பேச்செல்லாம் ஒரே சொல்லைச் சுற்றித்தான்: மிருகம். பிடித்தவர்கள் அதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள். பிடிக்காதவர்கள் அதையே புகாராகச் சொல்கிறார்கள். வியர்வை ஊறிய குதிரைச் சேணம், குளிர்காலம் முழுக்கக் குளிக்காத வீரன், கூடாரத்துக்குள் விரித்த ஆட்டுத்தோல் என்று வர்ணனைகள் நீண்டுகொண்டே போகும். இரு தரப்பும் சறுக்குவது ஒரே இடத்தில்தான் என்பது என் கட்சி. அவர்கள் பேசுவதெல்லாம் முதல் அரை மணி நேரத்தைப் பற்றி. அந்த அரை மணி நேரத்தில் தோலின்மேல் நடப்பதற்குக் கஸ்தூரி பொறுப்பல்ல. அது தன் வேலையைத் தொடங்குவதே பெரும்பாலோர் தீர்ப்பெழுதி முடித்த பிறகுதான்.

லூதென்ஸ் வாசனைக்காரராகத் தொடங்கியவர் அல்லர். 1942-இல் பிரான்ஸின் லீல் நகரில் பிறந்தவர். ஒப்பனையிலும் புகைப்படத்திலும் பேர் வாங்கியவர். தியோர் நிறுவனத்துக்கு ஒப்பனைப் பொருள்களை உருவாக்கிக் கொடுத்தார். 1980-இல் ஜப்பானின் ஷிசெய்டோவுக்கு மாறினார். அந்த நிறுவனத்தின் முதலீட்டில் பாரிஸின் பாலே ரோயல் வளாகத்தில் 1992-இல் ஒரு கடை திறந்தார். வேறெங்கும் கிடைக்காத சரக்குகள் அங்கே மணிவடிவக் குப்பிகளில் விற்றன. நாம் பேசும் சென்டும் அப்படிப்பட்ட கடைச் சரக்காகவே பல காலம் இருந்தது. ஆனால் கலவையைச் செய்த மூக்கு லூதென்ஸுடையது அல்ல, கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக்குடையது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர் அதை மணமாக்குவார். அவர்கள் கூட்டணியின் ஏற்பாடு இதுதான். கதை நன்றாக இருந்தால் கேட்கிறவர்கள் அதிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் தொல்லை.

ஆகவே கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பொருளிலிருந்து தொடங்குவோம்.

கஸ்தூரி மான் இமயமலையிலும் திபெத்திலும் சீனாவிலும் சைபீரியாவிலும் வாழும் சிறிய விலங்கு. கொம்பு கிடையாது. ஆணுக்கு மேல்தாடையிலிருந்து கீழ்நோக்கி நீண்ட கோரைப்பற்கள் உண்டு. அடிவயிற்றில் தொப்புளுக்குக் கீழே ஒரு பையும் உண்டு. அந்தப் பையில் சுரப்பதுதான் கஸ்தூரி. ஒரு பையில் கிடைப்பது ஏறக்குறைய 25 கிராம்தான். அதற்காக மானையே கொன்றார்கள். கண்ணி ஆண் பெண் பார்ப்பதில்லை என்பதால் பை இல்லாத பெண்களும் குட்டிகளும் சேர்ந்து செத்தன. இன்று இந்தியாவில் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இந்தியா, நேபாளம், பூட்டான் நாட்டு மான்களின் பன்னாட்டு வணிகத்தை ‘சைட்டிஸ்’ ஒப்பந்தம் தடுத்திருக்கிறது. இன்றைய ‘மஸ்க்’ குப்பிகளில் பெரும்பாலும் மான் இல்லை. இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர் ஏமாறுகிறார். இருப்பதாகச் சொல்லி விற்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்கிறார், அல்லது குற்றம் செய்கிறார்.

அசல் கஸ்தூரிதான் எப்படி மணக்கும்? பையிலிருந்து எடுத்த உருண்டையை மூக்கருகே கொண்டுபோனால் அம்மோனியாவும் தொழுவ வீச்சமுமாக முகத்தில் அடிக்கும். பழைய வாசனைக்காரர்கள் அதைச் சாராயத்தில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நீர்க்க நீர்க்கத்தான் அது திறந்துகொள்ளும்: இளஞ்சூடு, மெல்லிய இனிப்பு, பவுடர் போன்ற ஒரு மென்மை, அடியில் உடம்பின் ஒரு சாயல். உரத்த குரல் அதற்குக் கிடையாது. பிற மணங்களைத் தாங்கிப் பிடித்து, அவற்றை உருண்டையாக்கி, தோலோடு ஒட்டவைப்பதற்காகத்தான் அதைத் தேடினார்கள். ‘மஸ்க் என்றால் மூக்கைத் துளைக்கும்’ என்று நினைப்பவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1888-இல் ஆல்பர்ட் பாவர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் டி.என்.டி. வெடிமருந்தின் உறவுப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வெடிப்பதற்குப் பதில் மணக்கும் ஒன்று அகப்பட்டது. நைட்ரோ மஸ்க் என்ற குடும்பம் அப்படித்தான் பிறந்தது. மானின் கஸ்தூரியில் மணக்கும் பொருளான மஸ்கோனை 1906-இல் ஹைன்ரிக் வால்பாம் பிரித்தெடுத்தார். அதன் வடிவத்தை 1926-இல் லியோபோல்ட் ருஜிச்கா கண்டறிந்தார்: 15 கார்பன்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்று அன்றைய வேதியியல் நம்பிக்கொண்டிருந்தது. புனுகின் சிவெட்டோனும் அப்படியே ஒரு வளையம், 17 கார்பன். ருஜிச்காவுக்கு 1939-இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வளையங்களுக்கும் பங்குண்டு. மானும் புனுகுப்பூனையும் வேறு வேறு காட்டில் அலைந்தாலும் அவற்றின் சுரப்பிகள் வேதியியலில் பங்காளிகள். இந்தப் பங்காளி உறவுதான் நம் சென்டில் குழப்பத்தைக் கிளப்புகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் சலவைத் தூளைக் கடந்தாக வேண்டும். 1960-களில் கேலக்ஸோலைடு வந்தது. செய்ய மலிவு. நீரில் கரையாது, சோப்பின் காரத்தில் கெடாது, எளிதில் ஆவியாகாது. அலசி முடித்த பின்னும் துணி இழையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சலவைப் பொருள் செய்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? இதன் விளைவு விசித்திரமானது. ஆண் விலங்கின் அடிவயிற்றுச் சுரப்பியை நகல் எடுக்கப் புறப்பட்ட தேடல், வெளுத்துக் காயவைத்த துணியின் மணமாக முடிந்தது. இரண்டு தலைமுறை மூக்குகளுக்கு மஸ்க் என்றாலே சுத்தம். தி பாடி ஷாப்பின் ‘ஒயிட் மஸ்க்’ 1981-இல் வந்து இந்த மாற்றத்துக்கு முத்திரை குத்தியது. அதை இழிவாகப் பேசுவது வாசனை ரசிகர்களிடையே ஒரு பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூவும் பவுடரும் கலந்து, யாரையும் உறுத்தாமல், சட்டைக் காலரில் மறுநாள்வரை நிற்கும் நேர்மையான சரக்கு அது. ஆனால் அதில் உடம்பு இல்லை. அணிந்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே மாதிரிதான் மணக்கும்.

லூதென்ஸும் ஷெல்ட்ரேக்கும் 1998-இல் செய்தது, அந்தச் சுத்தத்துக்குள் மறுபடி ஓர் உடம்பைக் கொண்டுவந்து வைத்த வேலை. கேள்வி, அதை எதைக் கொண்டு செய்தார்கள் என்பது.

சூத்திரம் வெளியில் வரவில்லை, சென்ட்களின் சூத்திரங்கள் பொதுவாக வருவதில்லை. ஆனால் இதன் உறுப்புகளாக வழக்கமாகச் சொல்லப்படுபவை இவை: புனுகு, பீவரின் சுரப்பியான காஸ்டோரியம், சீரகம், கோஷ்டம், ரோஜா, கஸ்தூரி வெண்டை விதை, லாப்டனம் பிசின், பச்சூலி, வெனிலா. மிருகப் பொருள்கள் இன்றைய தொழிலில் பெரும்பாலும் செயற்கை நகல்களே. பட்டியலை ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் நீட்டினால் கணிசமான பகுதியை அவர் அடையாளம் கண்டுகொள்வார் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

இப்போது மிருகத்தை யார் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். புனுகில் சிவெட்டோனோடு ஸ்கேட்டோலும் இருக்கிறது. மலத்தின் நாற்றத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று அது. சீரகம் ஐரோப்பிய மூக்குகளுக்கு அக்குள் வியர்வையாகத் தெரியும். கோஷ்ட வேரின் எண்ணெயில் எண்ணெய்ச் சிக்குப் பிடித்த தலைமுடியின் வாடை அடிக்கும். தலையணை உறையில் ஏறும் அதே சிக்கு. காஸ்டோரியம் தோல் பதனிடும் இடத்தைக் கொண்டுவருகிறது. ‘குதிரை வீரன்’ என்று வர்ணனையாளர்கள் எழுதியதெல்லாம் இந்த நால்வரின் கைவரிசை. கஸ்தூரி வகைப் பொருள்கள் அந்த நேரத்தில் அடியில் உட்கார்ந்திருக்கின்றன, பேசவே தொடங்கவில்லை. மூலக்கூறின் கனம் அப்படி: மஸ்கோனின் மூலக்கூறு எடை 238, கேலக்ஸோலைடின் எடை 258. நம் மூக்குக்கு எட்டும் பொருள்களில் இவை கனமான கூட்டம். தோலிலிருந்து கிளம்பவே நேரம் எடுத்துக்கொள்ளும். முதலில் பறந்து வந்தவர்களைப் பார்த்துவிட்டு மொத்தக் கச்சேரிக்கும் விமர்சனம் எழுதினால் என்ன நியாயம்?

இந்த இடத்தில் தமிழ் மூக்குக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் மூலவருக்குச் சாத்துவது புனுகுத் தைலம். பெரியவர்கள் வெற்றிலைப் பெட்டியோடு ஜவ்வாது டப்பியும் வைத்திருந்த வீடுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தலையில் நாம் சூடும் மல்லிகையில் இண்டோல் இருக்கிறது. தனியே பிரித்தால் அதுவும் கழிவின் நெடிதான். சீரகம் நமக்கு வியர்வை அல்ல, ரசம். ஆகவே பாரிஸில் கொச்சையாகத் தெரியும் தொடக்கம் இங்கே அவ்வளவு கொச்சையாகத் தெரியாது. புனுகு, சீரகம், ரோஜா மூன்றும் சேர்ந்த அந்த முதல் வீச்சைத் தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் கோயிலோடு இணைத்துக்கொள்ள வாய்ப்புண்டு, குதிரையோடு அல்ல. இது இந்த சென்டுக்குச் சாதகமா பாதகமா? பாதகம் என்றே நினைக்கிறேன். அதிர்ச்சி தரவென்று ஏற்றிவைத்த பகுதி அதிர்ச்சி தராமல் போனால், அது அங்கே எதற்காக இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடும்.

அந்தக் கேள்விக்குத் தோல்தான் விடை சொல்கிறது. மணிக்கட்டின் உட்புறத்தில் அடித்துவிட்டுப் பொறுத்திருந்தால் மூன்று கட்டங்கள் தெரிகின்றன. முதலாவதைச் சொல்லிவிட்டேன். அது எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் அடங்குகிறது. அடங்கும் விதம்தான் கவனிக்கத்தக்கது: புனுகு மறைவதில்லை, ரோஜாவுக்குள் நுழைந்துகொள்கிறது. ரோஜாவும் தன் பூத்தன்மையை விட்டுக்கொடுத்து, காய்ந்த இதழும் லேசான தேனுமாக மாறுகிறது. எது பூ, எது விலங்கு என்று பிரிக்க முடியாத ஒரு கால் மணி நேரம் இருக்கிறது. என் மூக்கு அறிந்தவரை இந்தக் கலவையின் உச்சி அதுதான். புனுகில்லாமல் அந்த ரோஜா வெறும் சோப்பாகியிருக்கும். ரோஜா இல்லாமல் அந்தப் புனுகு கூண்டு வாடையாகியிருக்கும். ஷெல்ட்ரேக் இரண்டையும் ஒன்றுக்கொன்று ஜாமீனாக நிறுத்தியிருக்கிறார்.

அதன்பின் வருவதுதான் கஸ்தூரி. சீரகம் போய்விட்டது, சிக்கு வாடை போய்விட்டது. லாப்டனத்தின் பிசின் இனிப்பும் வெனிலாவும் ஓரத்தில் இருக்கின்றன, நடுவில் வருவதில்லை. கஸ்தூரி வெண்டை விதை தன் பங்குக்கு ஒரு பழத்தன்மையைத் தருகிறது. பேரிக்காயின் தோலை நினைவூட்டும் ஒன்று. எஞ்சுவது சூடான தோல். குளித்து முடித்து ஓரிரண்டு மணி நேரம் கழிந்த ஒருவரின் கழுத்து எப்படி இருக்குமோ, அப்படி. குளிக்காதவர் என்று நாடகமாகத் தொடங்கி, குளித்தவராக முடிகிறது. இந்தக் கட்டம் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கிறது, துணியில் மறுநாளும் இருக்கிறது. ஆனால் பரவுவதில்லை. ஒரு முழத் தூரத்துக்குள் வருகிறவருக்கு மட்டுமே தெரியும். கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பவர்கள் இதில் காசைப் போட வேண்டாம்.

பரவவில்லை என்ற குற்றச்சாட்டை எடைபோடும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். மஸ்க் விஷயத்தில் சொந்த மூக்கு நம்பத்தகாத சாட்சி. குறிப்பிட்ட மஸ்க் மூலக்கூறு சிலருக்கு மணக்கவே மணக்காது. கேலக்ஸோலைடை உணர்வதில் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஒரே ஒரு மணவேற்பியின் மரபு மாற்றத்தோடு இணைத்துக் காட்டிய ஆய்வு 2022-இல் வெளியானது. இதற்காகத்தான் தொழில் தெரிந்தவர்கள் ஒரே மஸ்க்கை நம்பாமல் நாலைந்தைக் கலக்கிறார்கள். ஒன்று எட்டாத மூக்குக்கு இன்னொன்று எட்டும். இதோடு மூக்கின் சலிப்பும் சேர்ந்துகொள்ளும். தொடர்ந்து இருப்பதை மூளை பதிவேட்டிலிருந்து எடுத்துவிடும். ‘ரெண்டு மணி நேரத்துல போயிடுச்சு’ என்று புலம்பி மேலும் நாலு அடி அடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவரால் மற்ற பயணிகள் படும் பாடு நமக்குத் தெரியும். இந்த சென்டை மதிப்பிட விரும்புகிறவர் கூட இருப்பவரிடம் கேட்க வேண்டும். அல்லது வெளியே போய்விட்டு வந்து, கழற்றிப் போட்ட சட்டையை முகர வேண்டும்.

கடையில் நீட்டும் காகிதப் பட்டையை நம்பவே கூடாது. காகிதத்துக்குச் சூடு இல்லை, எண்ணெய் இல்லை. புனுகும் சீரகமும் அதில் மணிக்கணக்கில் விறைத்து நிற்கும், ரோஜாவோடு கலக்காது. இந்த சென்டுக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பாதி காகிதத்திலிருந்து வந்தது என்பது என் சந்தேகம்.

நம் ஊர் வெயில் இன்னொரு சோதனை. சென்னை மே மாதத்தில் பகல் நேரத்தில் அணிந்தால், மூன்று கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சூடும் ஈரமும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகின்றன. உண்மையான வியர்வையும் வந்து சேர்ந்தால் கலவையின் நாடகத்துக்கு வேலையில்லாமல் போகிறது. வியர்வையைச் சாயலாகக் காட்டுவது அழகு. ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருப்பவர்மேல் அதை எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? இரவில், ஏ.சி. அறையில், அல்லது ஊட்டி கொடைக்கானலில் இதன் அமைப்பு சரியாகப் பிரிந்து தெரிகிறது. குளிர்நாட்டுக்காகச் செய்த பொருள் இது. அதைக் குறையென்று எழுத மாட்டேன், ஆனால் வாங்குகிறவர் அறிந்து வாங்க வேண்டும்.

ஒப்பிட ஒரு போட்டியாளரையும் வைத்துக்கொள்ளலாம். மோரிஸ் ரூசெல் செய்த ‘மஸ்க் ராவஜூர்’ 2000-இல் ஃப்ரெடெரிக் மால் வெளியிட்டது. இதற்கும் மிருகம் என்ற புகழ் உண்டு. பெயரே சூறையாடும் கஸ்தூரி என்றுதான் பொருள்படும். ஆனால் அணிந்து பார்த்தால் சூறையாடுவது வெனிலாவும் இலவங்கப்பட்டையும். மேலே கொஞ்சம் எலுமிச்சைக் குடும்பம், லாவண்டர். கீழே மெத்தென்ற இனிப்பு. மிக நன்றாகப் பரவுகிறது, எல்லோருக்கும் பிடிக்கிறது, வெயிலையும் ஓரளவு தாங்குகிறது. அன்றாடப் பயன் என்று பார்த்தால் ரூசெலின் சரக்கு வெல்லும். கஸ்தூரி என்று பெயர் வைத்ததற்கு நியாயம் செய்ததா என்று கேட்டால் தோற்கும். அதில் மஸ்க் இனிப்புக்குத் தாங்குகட்டையாக நிற்கிறது, அவ்வளவே. குப்ளாய் கானில் மஸ்க் கடைசியில்தான் மேடையேறுகிறது. ஆனால் ஏறியபின் மேடை அதனுடையது.

இனி ஒதுக்கிவைத்த கதைக்கு வரலாம். மங்கோலியப் பேரரசனின் பெயரை வைத்ததற்காக லூதென்ஸைக் கண்டிப்பவர்கள் உண்டு. மேற்கின் பழைய கீழைநாட்டுக் கனவு என்பார்கள். லூதென்ஸுக்கு மொரோக்கோவின் மராக்கெஷில் நெடுங்காலமாக வீடுண்டு, அவருடைய மணங்களில் பாதி அந்தக் கனவிலேயே மிதப்பவை. கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இந்தப் பெயரைப் பொறுத்தவரை தவறு செய்தவர்கள் வர்ணனையாளர்கள்தான். குப்ளாய் (1215–1294) குதிரை முதுகிலேயே வாழ்ந்த செங்கிஸ் கான் அல்லர், அவருடைய பேரன். யுவான் வம்சத்தை நிறுவி, இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்தில் தலைநகர் அமைத்து, சீன அரண்மனை வாழ்க்கை வாழ்ந்தவர். கஸ்தூரி மான் திரியும் திபெத் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மார்கோ போலோ அந்த மானைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகக் கஸ்தூரிக்கு அவர் பெயரை இட்டது வரலாற்றில் பொருந்தாத காரியமல்ல. பொருந்தாதது, அந்தப் பெயரைக் கேட்டதும் சேணத்தையும் அழுக்கையும் கற்பனை செய்தது. குப்பியில் இருப்பது அரண்மனை. சேணம் வாசலில் அரை மணி நேரம் தொங்குகிறது, அவ்வளவே.

இதை ஏற்றுக்கொண்டாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. தொடக்கமும் முடிவும் ஒன்றுக்கொன்று கடன்பட்டிருக்க வேண்டும். ரோஜாவுக்கும் புனுகுக்கும் அது முழுக்க உண்மை. சீரகத்துக்கு உண்மையல்ல. அது வந்து சத்தம் போடுகிறது, எதையும் விட்டுச்செல்லாமல் போகிறது. பின்னால் வரும் தோல் மணத்துக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை. எடுத்துவிட்டால் கலவை மெலியும் என்று வாதிடுபவர்கள் இருப்பார்கள்; எனக்கு அது ஆள் சேர்க்க அடிக்கும் தமுக்காகவே கேட்கிறது. கோஷ்டமும் ஓரளவு அப்படித்தான். ஒவ்வாமை தருவதால் கோஷ்ட வேர் எண்ணெயை வாசனைத் தொழிலின் விதிகள் தடை செய்திருக்கின்றன. இன்று அங்கே இருப்பது நகலாகத்தான் இருக்க முடியும். பழைய குப்பிகளை வைத்திருப்பவர்கள் இப்போதைய சரக்கு சாதுவாகிவிட்டது என்று வருந்துகிறார்கள். தொடக்கம் அடங்கியதில் எனக்கு வருத்தமில்லை. நான் எடைபோடும் பகுதி பின்னால் இருக்கிறது.

இன்னொரு எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். அரை மணி நேரம் பொறுத்திருந்தால்தான் நன்றாக இருக்கும் என்பது ஒரு சென்டுக்குத் தகுதியா? சாப்பாட்டுக்கடையில் முதல் கவளம் கசந்து கடைசிக் கவளம் இனித்தால் யார் பொறுப்பார்கள்? வாதம் வலுவானதுதான். ஆனால் மஸ்க் என்ற பொருளே பின்னால் வருவது. முதல் நொடியிலேயே மஸ்க்கைக் காட்டுகிறேன் என்று வரும் சென்ட்கள் வேறெதையோ மஸ்க் என்று காட்டுகின்றன: பழம், பவுடர், சலவைத் தூள். காலை ஏழரைக்கு அடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மின்ரயிலில் நிற்கிறவருக்கு இந்தச் சமாதானம் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு ஒரு வழி உண்டு. முந்தின இரவே சட்டையின் உட்புறத்தில் ஓர் அடி அடித்துத் தொங்கவிட்டால், மறுநாள் மூன்றாம் கட்டம் மட்டும் அவரோடு அலுவலகம் போகும். கறை பிடிக்கிறதா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

அத்தர் பழக்கமுள்ளவர்கள் ஒன்று கேட்கலாம்: மஸ்க் என்று பெயரிட்ட அத்தர் குப்பி நம் கடைத்தெருவில் இதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்? கஸ்தூரியின் அடிமணம் மட்டும் போதுமென்றால் கொடுக்க வேண்டாம். சாராயம் கலக்காத எண்ணெய் தோலில் மெதுவாகத்தான் கிளம்பும், வெயிலில் நிதானமாக நடந்துகொள்ளும். சுத்தமான வெள்ளை மஸ்க் எண்ணெய் ஒன்று நம் கோடைக்குக் குப்ளாய் கானைவிடப் பொருத்தம். அதில் கிடைக்காதது அந்த நடுக்கட்டம்: ரோஜா விலங்காகவும் விலங்கு ரோஜாவாகவும் மாறும் அந்த நேரம். கொடுக்கும் காசு அதற்கு. கூடவே அந்தக் கட்டத்தை இழுத்துக் கட்டிய கைக்கு.

ஆகத் தீர்ப்பு. மிருக வாசனை என்ற அளவில் ‘மஸ்க் குப்ளாய் கான்’ சொல்லப்பட்ட புகழுக்கு ஈடில்லை. புனுகும் ஜவ்வாதும் அறிந்தவருக்கு அதன் துணிச்சல் பாதி துணிச்சல்தான். கஸ்தூரி வாசனை என்ற அளவில் நான் அறிந்தவற்றுள் இதற்கே முதலிடம். மான் கஸ்தூரியின் குணமான இளஞ்சூட்டையும் தணிந்த குரலையும் தோலோடு ஒன்றும் தன்மையையும் ஒரு விலங்கையும் கொல்லாமல் திரும்பக் கொண்டுவந்ததில், சலவைத் தூள் மஸ்க்குகளும் வெனிலா மஸ்க்குகளும் இதன் பக்கத்தில் வருவதில்லை. சீரகத்துக்காக அரை மதிப்பெண் குறைக்கிறேன், வெயிலுக்காகக் குறைக்கவில்லை. முழுக் குப்பி வாங்குவதற்கு முன் சின்ன மாதிரிக் குப்பி ஒன்றை வாங்கி, இரவு சாப்பாட்டுக்குப் பின் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு படுத்துவிடுங்கள்; காலையில் எழுந்து முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.